ஓட்ஸ் குக்கீஸ்: வீட்டிலேயே பேக் பண்ணலாம் வாங்க... ஆனா, 'ஹெல்த்தி'ன்னு நினைச்சு ஆறு சாப்பிட்டுடாதீங்க!

சாயங்காலம் 5 மணி. டீ ரெடி. "அந்த ஓட்ஸ் பிஸ்கட்டை எடும்மா. அது நல்லதுதானே?" என்று ஹாலில் இருந்து அப்பாவின் குரல் வரும். எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற சீன் இது. உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

அப்பாவுக்கு சுகர் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த வாரமே எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பா மாறிவிட்டது. கிரீம் பிஸ்கட் வெளியே போனது. 'ஓட்ஸ்' என்று பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட் உள்ளே வந்தது. நல்ல மாற்றம்தான் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரே ஒரு சிக்கல். முன்பு பயந்து பயந்து ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டவர், இப்போது நிம்மதியாக ஆறு சாப்பிட ஆரம்பித்தார்.

ஒருநாள் சும்மா அந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானப் பட்டியலில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில். ஓட்ஸ் நாலாவது இடத்தில் இருந்தது. நம் ஊர் விதிப்படி எடையில் எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். அதாவது, பாக்கெட்டின் முன்பக்கத்தில் ஹீரோவாக இருந்த ஓட்ஸ், பின்பக்கத்தில் கெஸ்ட் ரோல்தான் பண்ணிக்கொண்டிருந்தது.

'சரி, நாமளே செஞ்சிடலாம்' என்று களத்தில் இறங்கினேன். முதல் பேட்ச் பிளாப். இரண்டாவது சுமார். மூன்றாவதில்தான் விஷயம் பிடிபட்டது. அந்த மூன்று பேட்ச்சிலும் கற்றதை எல்லாம் இங்கே கொடுத்திருக்கிறேன். கடைசியில், 'அப்போ இது உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா?' என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கும் இருக்கிறது. அதைப் படிக்காமல் போய்விடாதீர்கள்.

ஓட்ஸுக்கு இந்த நல்ல பெயர் எப்படி வந்தது?

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஓட்ஸ் அன்றாடச் சாப்பாடு. கஞ்சியாகக் குடிப்பார்கள், தட்டையாகத் தட்டி 'ஓட்கேக்' ஆகவும் சுடுவார்கள். அந்த ஓட்கேக்கில் இனிப்பு கிடையாது. கிட்டத்தட்ட நம் ஊர் அடை மாதிரி ஒரு சாப்பாட்டுச் சமாசாரம். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த ஓட்ஸ் குக்கீ பிரபலமானது அமெரிக்காவில். ஃபேன்னி ஃபார்மர் என்ற சமையல் ஆசிரியை 1896-ல் எழுதிய புகழ்பெற்ற பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகத்தில் ஓட்ஸ் குக்கீக்கும் இடம் இருந்தது. பின்னாளில் ஓட்ஸ் கம்பெனிகள் டப்பாவிலேயே குக்கீ ரெசிப்பியை அச்சடித்துக் கொடுக்க, அது வீட்டுக்கு வீடு பரவியது.

'ஆரோக்கியம்' என்ற பட்டத்துக்கு ஒரு தேதியே இருக்கிறது. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து உண்டு. தண்ணீரில் சேர்ந்தால் இது கொழகொழவென்று ஆகும். ஓட்ஸ் கஞ்சி ஆறினால் வழவழப்பாக இறுகுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். இந்த நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்க கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். அதனால் எல்.டி.எல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் ஓரளவு குறையும். இதன் அடிப்படையில்தான், ஓட்ஸ் இதயநோய் அபாயத்தைக் குறைக்க உதவலாம் என்று பாக்கெட்டில் எழுதிக்கொள்ள அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 1997-ல் அனுமதி கொடுத்தது.

ஆனால் அந்த அனுமதியில் ஓர் அளவு இருந்தது. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான், அதுவும் கொழுப்பு குறைந்த உணவுமுறையோடு சேர்த்து. நாம் 'ஓட்ஸ் நல்லது' என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு அளவை மறந்துவிட்டோம். இந்த 3 கிராமை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எந்த ஓட்ஸ் வாங்கணும்?

கடையில் நாலு வகை இருக்கும்.

ரோல்ட் ஓட்ஸ்: ஆவியில் வேகவைத்து, தட்டையாக நசுக்கிய முழு ஓட்ஸ். கெட்டி அவல் மாதிரி இருக்கும். குக்கீக்கு இதுதான் பெஸ்ட். கடிக்கும்போது ஓட்ஸ் தெரியும்.

குயிக் அல்லது இன்ஸ்டன்ட் ஓட்ஸ்: இன்னும் மெல்லிசாக நசுக்கியது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். தாராளமாகப் பயன்படுத்தலாம். குக்கீ கொஞ்சம் மிருதுவாக வரும், அவ்வளவுதான்.

ஸ்டீல் கட் ஓட்ஸ்: நொய் மாதிரி உடைத்தது. குக்கீக்கு வேண்டாம். 12 நிமிடத்தில் வேகாது. பல்லில் கல் மாதிரி மாட்டும்.

மசாலா ஓட்ஸ்: சிரிக்காதீர்கள். அவசரத்தில் அதைக் கொட்டிய ஒரு நண்பர் எனக்கு உண்டு. வெங்காயமும் மிளகாய்த்தூளும் மணக்கும் குக்கீயை யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

என்னென்ன தேவை?

இந்த அளவுக்கு 20 குக்கீ வரும். எல்லாவற்றையும் கிராமில் கொடுத்திருக்கிறேன். காரணம் உண்டு. அமெரிக்க ரெசிப்பியில் 'ஒரு கப்' என்றால் சுமார் 240 மில்லி. நம் வீட்டில் 'ஒரு கப்' என்றால் அம்மா எடுத்துக் கொடுக்கிற டம்ளர். அது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சைஸ். மாவை அமுக்கி அளந்தால் ஓர் எடை, லேசாகத் தூவி அளந்தால் இன்னோர் எடை. ஒரு டிஜிட்டல் கிச்சன் ஸ்கேல் வாங்கிவிட்டால் பாதிப் பிரச்னை ஓவர்.

ரோல்ட் ஓட்ஸ்: 140 கிராம்
கோதுமை மாவு: 100 கிராம்
வெண்ணெய்: 100 கிராம்
நாட்டுச்சர்க்கரை: 80 கிராம்
வெள்ளைச் சர்க்கரை: 40 கிராம்
முட்டை: 1
உலர்திராட்சை: 60 கிராம்
பேக்கிங் சோடா: அரை டீஸ்பூன்
பட்டைத்தூள்: அரை டீஸ்பூன்
வெனிலா எசன்ஸ்: 1 டீஸ்பூன்
உப்பு: ஒரு சிட்டிகை

வெண்ணெய் பாக்கெட்டில் 'சால்ட்டட்' என்று போட்டிருந்தால் தனியாக உப்பு சேர்க்க வேண்டாம். நாட்டுச்சர்க்கரையில் கட்டி இருந்தால் சலித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குக்கீயின் நடுவில் கருகிய புள்ளி விழும். பட்டை வாசனை பிடிக்காதவர்கள் ஏலக்காய்த்தூளும் ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் சேர்க்கலாம். இது என் பாட்டியின் ஐடியா. சொல்லப்போனால், எனக்கு பட்டையைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

எதுக்கு ரெண்டு வகைச் சர்க்கரை என்று கேட்கலாம். நாட்டுச்சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் நடுப்பகுதி மெத்தென்று இருக்கும். வெள்ளைச் சர்க்கரை ஓரத்தை மொறுமொறுப்பாக்கும். ரெண்டும் சேர்ந்தால்தான் ஓரம் கிரிஸ்ப், நடுவில் சாஃப்ட்.

'ரூம் டெம்பரேச்சர்' என்பது யாருடைய ரூம்?

என் முதல் பேட்ச் சொதப்பியது இங்கேதான். இணையத்தில் கிடைத்த ஓர் அமெரிக்க ரெசிப்பியில், வெண்ணெயை ரூம் டெம்பரேச்சருக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மே மாதம், சென்னை. காலையிலேயே வெண்ணெயை வெளியே எடுத்துவைத்துவிட்டு, மத்தியானம் மாவு பிசைந்தேன். ஓவனிலிருந்து வெளியே வந்தது குக்கீ அல்ல. ட்ரே முழுக்கப் பரவிய ஒரே ஒரு ஓட்ஸ் அடை. அப்பா மட்டும் "டேஸ்ட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஓரத்தை உடைத்துச் சாப்பிட்டார்.

என்ன தப்பு? குளிர்நாட்டு ரெசிப்பியில் ரூம் டெம்பரேச்சர் என்றால் சுமார் 20 டிகிரி செல்சியஸ். கோடையில் நம் சமையலறை 34, 35 டிகிரி. வெண்ணெய் உருகுவதே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். அதாவது, நான் பிசைந்தது வெண்ணெயில் அல்ல, எண்ணெயில்.

வெண்ணெய் கெட்டியாக இருந்தால், ஓவனுக்குள் போனதும் மெதுவாக உருகும். அதற்குள் ஓரத்து மாவு வெந்து இறுகிவிடும். குக்கீ தன் வடிவத்தில் நிற்கும். வெண்ணெய் ஏற்கெனவே உருகியிருந்தால் மாவு இறுகுவதற்கு முன்பே எல்லாம் ஓடிவிடும்.

அதனால் நம் ஊருக்கு மூன்று ரூல்ஸ்.

ஒன்று, வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 10, 15 நிமிடம் வெளியே இருந்தால் போதும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. அதுதான் சரியான பதம்.

இரண்டு, பிசைந்த மாவை மூடி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெண்ணெய் மறுபடி இறுகும், ஓட்ஸும் ஈரத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் வேண்டுமானால் இந்த ஸ்டெப்பைத் தாண்டலாம். மதுரை, திருச்சி, சென்னை மக்களுக்கு சலுகை கிடையாது.

மூன்று, சூடான ட்ரேயில் அடுத்த பேட்ச்சை வைக்காதீர்கள். ஓவனுக்குள் போவதற்கு முன்பே வெண்ணெய் உருகிவிடும். ட்ரேயை ஆறவிட்டு வையுங்கள்.

செய்வது எப்படி?

1. உலர்திராட்சையை 10 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுங்கள். ஊறவைக்காமல் போட்டால் மேலே தெரிகிற திராட்சை கருகிக் கசக்கும்.

2. அகலமான பாத்திரத்தில் வெண்ணெய், இரண்டு சர்க்கரைகளையும் போட்டு விஸ்க் அல்லது மரக்கரண்டியால் 2, 3 நிமிடம் அடியுங்கள். நிறம் லேசாக வெளுத்தால் போதும். கேக் மாதிரி ரொம்ப நேரம் அடிக்க வேண்டாம்.

3. முட்டையையும் வெனிலா எசன்ஸையும் சேர்த்துக் கலக்குங்கள். கலவை திரிந்த மாதிரி தெரிந்தால் பயப்படாதீர்கள், மாவு சேர்ந்ததும் சரியாகிவிடும்.

4. கோதுமை மாவு, பேக்கிங் சோடா, பட்டைத்தூள், உப்பு நான்கையும் சேர்த்துச் சலித்து, வெண்ணெய்க் கலவையில் போடுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையக் கூடாது. பிசையப் பிசைய குளூட்டன் வலுவாகி, குக்கீ ரப்பர் மாதிரி ஆகும்.

5. கடைசியாக ஓட்ஸும் திராட்சையும். புரட்டிவிட்டு, மூடி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில்.

6. ஓ.டி.ஜி ஓவனை மேல், கீழ் இரண்டு ராடும் எரிகிற மாதிரி வைத்து, 180 டிகிரியில் 10 நிமிடம் சூடுபண்ணுங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் 165 டிகிரி போதும். உள்ளே ஃபேன் ஓடுவதால் சூடு வேகமாக ஏறும். கன்வெக்‌ஷன் வசதி இல்லாத சாதா மைக்ரோவேவில் குக்கீ வராது.

7. மாவை 28 கிராம் உருண்டைகளாக எடுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் சின்ன எலுமிச்சை சைஸ். பட்டர் பேப்பர் போட்ட ட்ரேயில் 5 சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு வைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு லேசாகத் தட்டுங்கள்.

8. நடுத் தட்டில் வைத்து 11 முதல் 13 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி, நடுவில் இன்னும் வேகாத மாதிரி மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இதுதான் எல்லோரும் தடுமாறுகிற இடம். 'இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டுமே' என்று விட்டால் ஆறியதும் தட்டை மாதிரி ஆகிவிடும். ஓவனிலிருந்து எடுத்த பிறகும் ட்ரேயின் சூட்டில் அது வெந்துகொண்டேதான் இருக்கும்.

9. ட்ரேயிலேயே 10 நிமிடம் ஆறட்டும். சூட்டோடு எடுத்தால் உடையும். பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பச்சை மாவை ருசி பார்க்கும் பழக்கம் வேண்டாம். வேகாத முட்டையில் மட்டுமல்ல, வேகாத மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கூடுதல் கவனம்.

ஓவன் இல்லையா? கடாய் இருக்கே!

ஹாஸ்டலிலும் பேச்சுலர் ரூமிலும் இருப்பவர்களுக்கு இது. கனமான இரும்புக் கடாயின் அடியில் ஒரு ஸ்டாண்டு வையுங்கள். மூடியைப் போட்டு, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். ஒரு சின்னத் தட்டில் பட்டர் பேப்பர் போட்டு 4, 5 குக்கீகளை வைத்து, அந்த ஸ்டாண்டின் மேல் வைத்து மூடிவிடுங்கள். தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். அடிக்கடி திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், சூடு வெளியே போய்விடும்.

மேலே அவ்வளவாகச் சிவக்காது. கடாயில் சூடு கீழே இருந்துதான் வருகிறது. ருசியில் குறை இருக்காது. நான்-ஸ்டிக் கடாய் மட்டும் கூடவே கூடாது. காலியாக ரொம்ப நேரம் சூடானால் அதன் பூச்சு கெடும், புகையும் வரும். பிரஷர் குக்கரில் செய்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தண்ணீர் இல்லாமல் குக்கரைச் சூடாக்குவது அதற்கு நல்லதல்ல. அதனால் நான் கடாய்க் கட்சி.

ஏன் இப்படி ஆச்சு?

தட்டையாகப் பரவிவிட்டது: வெண்ணெய் உருகியிருந்தது, மாவை ஃபிரிட்ஜில் வைக்கவில்லை, அல்லது ட்ரே சூடாக இருந்தது.

கல் மாதிரி கெட்டி: அதிக நேரம் வெந்துவிட்டது, அல்லது மாவு அளவு கூடிவிட்டது.

உருண்டை உருண்டையாகவே நின்றது: மாவு ரொம்ப சில்லென்று இருந்திருக்கும். வைக்கும்போதே தட்டிவிட வேண்டும்.

அடி கருகியது: ட்ரே கீழ் ராடுக்கு ரொம்பப் பக்கம். நடுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

சோப்பு மாதிரி ஒரு ருசி: பேக்கிங் சோடா கூடிவிட்டது. அரை டீஸ்பூன் என்றால் தலைதட்டிய அரை டீஸ்பூன். குவித்து எடுக்கக் கூடாது.

முட்டை வேண்டாம், மைதா வேணும்... மாற்றிச் செய்யலாமா?

முட்டைக்குப் பதில் 3 டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்க்கலாம். தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து மாவை நன்றாக எழுப்பும். குக்கீ கொஞ்சம் கேக் மாதிரி மெத்தென்று வரும். தயிரும் வேண்டாம் என்றால், ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம்.

கோதுமை மாவுக்குப் பதில் அதே அளவு மைதா போடலாம். குக்கீ இன்னும் லேசாக இருக்கும், நார்ச்சத்து குறையும்.

திராட்சைக்குப் பதில் வேர்க்கடலை, முந்திரி, வெள்ளை எள், சாக்லேட் துண்டுகள் எதுவும் ஓகே. வறுத்து உடைத்த வேர்க்கடலை போட்டால் கடலை மிட்டாய் வாசனை வரும். ட்ரை பண்ணிப் பாருங்கள்.

சர்க்கரையைக் குறைக்கலாமா? மொத்தம் 120 கிராமை 100 கிராமாகக் குறைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. 80-க்குக் கீழே போனால் குக்கீ வறண்டு, வெளுத்துப்போய் வரும். இங்கே சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரம், நிறம், பரவல் எல்லாம் அதன் கையில்தான்.

குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இந்த ரெசிப்பி வேண்டாம். இதில் கோதுமை இருக்கிறது. ஓட்ஸில் கோதுமையில் இருக்கும் குளூட்டன் இயல்பாகவே இல்லை என்றாலும், வயலிலும் மில்லிலும் கோதுமையோடு கலக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் அவர்கள் 'குளூட்டன் ஃப்ரீ' என்று குறிப்பிட்ட ஓட்ஸைத்தான், அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இப்போ அந்தக் கணக்கு!

நம் ரெசிப்பியில் 140 கிராம் ஓட்ஸ், 20 குக்கீ. ஒரு குக்கீக்கு 7 கிராம் ஓட்ஸ். 5 கிராம் வெண்ணெய். 6 கிராம் சர்க்கரை, அதாவது ஒன்றரை டீஸ்பூன். மொத்தத்தில் சுமார் 115 கலோரி.

ஓட்ஸில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 4 கிராம் பீட்டா குளுக்கான் இருக்கும். அப்போ 3 கிராம் கிடைக்க 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். அதைக் குக்கீயாகவே சாப்பிட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 11 குக்கீ! அதில் 1,200 கலோரிக்கு மேல், 66 கிராம் சர்க்கரை, 55 கிராம் வெண்ணெய். கொலஸ்ட்ராலைக் குறைக்கப் போய், சுகரையும் எடையையும் ஏற்றிக்கொண்டு வருவோம்.

இன்னொரு கோணம். தினமும் சேர்க்கும் சர்க்கரை, மொத்தக் கலோரியில் 10 சதவிகிதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவிகிதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அந்த 5 சதவிகிதம் என்பது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம். நாலு குக்கீ சாப்பிட்டால் 24 கிராம். கூடவே சர்க்கரை போட்ட ஒரு டீ குடித்தால் கோட்டா காலி.

'நாட்டுச்சர்க்கரைதானே, ஒண்ணும் ஆகாது' என்பது அடுத்த நம்பிக்கை. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுக்கள் கூடுதலாக இருக்கலாம். ரத்தச் சர்க்கரையை ஏற்றும் விஷயத்தில் அவை வெள்ளைச் சர்க்கரைக்குச் சொந்தக்காரர்கள்தான். சுகர் உள்ளவர்களுக்கு 'சேஃப்' என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். நானும் ருசிக்காகவும் பதத்துக்காகவும்தான் சேர்க்கிறேன்.

அப்போ ஓட்ஸின் பலன் வேண்டுமென்றால்? காலையில் 40 கிராம் ஓட்ஸில் காய்கறி போட்டு உப்புமாவோ, மோர் விட்ட கஞ்சியோ செய்யுங்கள். ஒரே வேளையில் சுமார் 1.6 கிராம் பீட்டா குளுக்கான் வந்துவிடும், அதாவது 3 கிராமில் பாதிக்கு மேல். சர்க்கரை ஒரு ஸ்பூன்கூடத் தேவையில்லை.

'அப்புறம் எதுக்குங்க இவ்ளோ நேரம் குக்கீ சொல்லிக் கொடுத்தீங்க?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. குக்கீ மருந்து இல்லை, ஆனால் அது தப்பான பண்டமும் இல்லை. அது ஒரு ஸ்நாக். ஸ்நாக்காகவே அதைப் பார்த்தால், இந்த வீட்டுக் குக்கீ நல்ல ஸ்நாக். முழுத்தானியம் அதிகம், பாமாயில் இல்லை, ஒரு குக்கீக்கு ஒரு கிராமுக்கு மேல் நார்ச்சத்து. எல்லாவற்றையும்விட, உள்ளே என்ன போனது, எவ்வளவு போனது என்று நமக்குத் தெரியும். கடை பாக்கெட்டில் கிடைக்காத விஷயம் அதுதான்.

கடையில் வாங்கும்போதும் இந்தக் கணக்கு உதவும். பாக்கெட்டைத் திருப்புங்கள். பட்டியலில் ஓட்ஸ் எத்தனையாவது இடம்? பல பாக்கெட்டுகளில் பக்கத்திலேயே சதவிகிதமும் இருக்கும். 100 கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற வரியையும் பாருங்கள். 30 விநாடி வேலைதான்.

எப்படி ஸ்டோர் பண்றது?

முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். சூடாக மூடினால் ஆவி படிந்து நமத்துப்போகும். காற்றுப் புகாத டப்பாவில் 5, 6 நாள் நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் நமத்துவிட்டால் 150 டிகிரியில் 5 நிமிடம் சூடுபண்ணி ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பி வரும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உருண்டைகளாகவே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். இரண்டு மாதம் வரை தாங்கும். வேண்டும்போது நாலு உருண்டையை மட்டும் எடுத்து, லேசாகத் தட்டி, வழக்கத்தைவிட 2 நிமிடம் கூடுதலாக பேக் பண்ணினால் போதும். 20 குக்கீ டப்பாவில் இருந்தால் 20-ம் காலியாகும். நாலு மட்டும் சுட்டால் நாலுதான் காலியாகும். கட்டுப்பாட்டுக்கு இதைவிட ஈஸியான டெக்னிக் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது அந்த முறைதான். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு குக்கீ, அதுவும் சர்க்கரை போடாத டீயோடு. எத்தனை சாப்பிடலாம் என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவுபண்ணினோம். உங்கள் வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருந்தால் நீங்களும் அப்படியே கேட்டுவிடுங்கள். மற்ற நாள்களில் காலையில் ஓட்ஸ் உப்புமா. ஆரம்பத்தில் முகம் சுளித்தார், இப்போது பழகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தட்டை நீட்டினேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, மெதுவாகக் கடித்துவிட்டுச் சொன்னார். "இது ஒண்ணு சாப்பிட்டாலே சாப்பிட்ட மாதிரி இருக்கும்மா."

இந்த வாரக் கடைசியில் நீங்களும் ஓவனையோ கடாயையோ பற்ற வையுங்கள். வெண்ணெய் மட்டும் உருகாமல் பார்த்துக்கோங்க!